எந்த அம்பாங்?

“பெரியம்மா, கே.எல். சென்ட்ரல்ல இறங்குங்க. அங்கேயே எல்.ஆர்.டி. இருக்கு. ஏறி அம்பாங்ல இறங்கிடுங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்.”

தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் இதை நம்பிக் கிளம்பிய எழுபத்தொரு வயதுப் பெண்மணி, வரவேண்டிய இடத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, கையில் துணிப்பையோடு, நடுப்பகல் வெயிலில் உயரக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

என் பெரிய மாமாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. அம்பாங் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பிற்பகலில் உள்ளே கொண்டு போவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெரியம்மா மாமாவுக்கு அக்கா. சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். “உள்ள கொண்டு போறதுக்கு முன்னால தம்பிய ஒரு தடவ பாத்துடணும்யா” என்று காலை இ.டி.எஸ். ரயிலுக்கே சீட்டு எடுத்துவிட்டார். நான் சென்ட்ரலுக்கே போய்க் கூட்டி வந்திருக்கலாம். அன்று காலையில் எனக்கு ஒரு கூட்டம். தவிர, சென்ட்ரலில் கார் நிறுத்த இடம் தேடும் தொல்லை. நகரத்தில் இருப்பவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அம்பாங் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது.

“எறங்கிட்டேன்யா. வெளிய நிக்கிறேன்.”

“நானும் வெளியதான் பெரியம்மா நிக்கிறேன். எந்தப் பக்கம்?”

“பெரிய ரோட்டுப் பக்கம்.”

நான் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆளைக் காணோம். மறுபடி அழைத்தேன். “இங்கதான்யா. கட்டடமெல்லாம் வானத்த முட்டிக்கிட்டு நிக்குது. ரெட்டக் கோபுரம்கூடத் தெரியுது” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் நின்ற இடத்தில் கடைவீடுகளும் கார் நிறுத்துமிடமும்தான். இரட்டைக் கோபுரம் கண்ணில் படும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் அம்பாங் அல்ல. அது அம்பாங் பார்க்.

இதில் பெரியம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். மலாய் சரளமாகப் பேசுவார். ரோமன் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருந்த வரைபடத்தில் ‘அம்பாங்’ என்று தேடியிருக்கிறார். அதே பாதையில், மாறவே தேவையில்லாமல், ஆறாவது நிறுத்தமாக அம்பாங் பார்க் இருக்கிறது. பசார் செனி, மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அடுத்தது அம்பாங் பார்க். நான் மாற வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த அம்பாங்கில் இறங்கிவிட்டார். சொன்னபடியே செய்தார். சொன்னவன்தான் பாதியை விழுங்கிவிட்டான்.

உண்மையான அம்பாங் நிலையம் வேறொரு பாதையின் கடைசி நிறுத்தம். சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா பாதையில் இரண்டே நிறுத்தம் போய் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்க வேண்டும். அங்கே மின்படிக்கட்டில் ஏறி, வரைபடத்தில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அம்பாங் பாதைக்கு மாற வேண்டும். அந்த மேடைக்கு வருகிற எல்லா ரயிலும் அம்பாங் போகாது. சில புத்ரா ஹைட்ஸ் போகும். முகப்பில் ‘அம்பாங்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும். தவறி ஏறிவிட்டாலும் சான் சோவ் லின் வரைக்கும் பயமில்லை. இரண்டு பாதையும் அதுவரை ஒன்றாகத்தான் போகும். அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அன்று தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

நமக்கு இது கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அம்பாங்கில் இருப்பவர்களுக்கு ‘அம்பாங்’ ஒன்றுதான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது அரை டஜன். அம்பாங் பட்டணம் ஒன்று. அம்பாங் பார்க் நிலையம் ஒன்று. அம்பாங் பாயிண்ட் பேரங்காடி ஒன்று. அம்பாங் ஹிலிர், அம்பாங் ஜெயா. நகரின் நடுவிலிருந்து கிழக்கே ஓடும் ஜாலான் அம்பாங் என்ற நீண்ட சாலை. அதன் ஒரு முனை கூட்டரசுப் பிரதேசம், மறுமுனை சிலாங்கூர் மாநிலம். இவை போதாதென்று லெபோ அம்பாங் வேறு. கிராப் செயலியில் ‘அம்பாங்’ என்று தட்டிப் பாருங்கள், பட்டியல் திரையைத் தாண்டிப் போகும்.

லெபோ அம்பாங் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தெரு. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம். மாடியும் கீழுமாக நீண்ட அந்தப் பழைய கடைவீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் அங்கிருந்து கடன் போயிருக்கிறது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து உறவினர் வந்தால் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பதோடு விடாமல் இந்தத் தெருவிலும் ஒரு நடை கூட்டிப் போங்கள். அவர்கள் தாத்தாவின் பெயர் ஏதாவது பழைய கணக்கேட்டில் இருந்திருக்கலாம்.

இத்தனை இடம் ஒரே பெயரைச் சுமப்பதற்கு வரலாறும் காரணம். கோலாலம்பூர் என்ற ஊரே அம்பாங்குக்குப் போகிற வழியில் முளைத்ததுதான். 1857இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றில் படகேற்றி அனுப்பினார். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் அவர்கள் படகை விட்டு இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடந்து அம்பாங் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் காய்ச்சலில் மாண்டார்கள். ஆனாலும் அடுத்த கூட்டம் வந்தது, ஈயம் கிடைத்தது. சுரங்கத்துக்குச் சாமான் இறக்கிய அந்தப் படகுத்துறையில் கடைகள் வந்தன. அந்தக் கடைகள்தான் பிறகு தலைநகரம் ஆயின. அம்பாங் என்ற பெயரும் சுரங்கத்துக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய அணைகளால் வந்தது என்பார்கள். மலாயில் ‘எம்பாங்’ என்றால் அணை.

இரண்டு ஆறும் கலக்கும் அந்த இடத்தில் 1909இல் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் கட்டப்பட்டது. இப்போது அதன் பக்கத்தில் அதே பெயரில் நிலையம். ஆக, அம்பாங் போகிறவர்கள் ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஒரே இடத்தில்தான் வண்டி மாறிக்கொண்டிருக்கிறார்கள். அன்று படகிலிருந்து கால்நடைக்கு. இன்று கிளானா ஜெயா பாதையிலிருந்து அம்பாங் பாதைக்கு. அந்தச் சுரங்கக்காரர்களுக்கு இந்தத் துறையில் இறங்கு என்று யாரோ சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். என் பெரியம்மாவுக்கு நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

நிலையங்களின் பெயர் வைக்கும் முறையும் விருந்தாளிக்கு உதவாது. அம்பாங் பார்க் என்பது 1973இல் திறந்த பேரங்காடியின் பெயர். கோலாலம்பூரின் பழைய பேரங்காடிகளில் அது முக்கியமான ஒன்று. எம்.ஆர்.டி.க்காக 2017 கடைசியில் அதை மூடி, பிறகு இடித்தும் விட்டார்கள். பேரங்காடி போய்விட்டது, பெயர் மட்டும் நிலையத்தில் நிற்கிறது. “அம்பாங் பார்க்ல எறங்கி அந்த மால் முன்னால நில்லுங்க” என்று இன்னமும் யாராவது சொன்னால், வருகிறவர் இல்லாத மாலைத் தேடுவார். பிளாசா ராக்யாட் இதற்கு நேர்மாறு. அது ஒருநாளும் திறக்காத கட்டடத்தின் பெயர். 1990களின் இறுதியில் வந்த பொருளாதார நெருக்கடியில் வேலை நின்றுபோய், கம்பியும் சிமெண்டுமாகப் பல்லாண்டு கிடந்தது. ஆனால் பழைய புடுராயா பேருந்து முனையத்துக்குப் போக அங்கேதான் இறங்க வேண்டும். ‘புடு’ என்று பெயர் பார்த்து புடு நிலையத்தில் இறங்கியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை அவர்களுக்குத்தான் தெரியும். புடுராயாவுக்கும் 2011இல் புடு சென்ட்ரல் என்று பெயர் மாற்றினார்கள். நாம் மாற்றிக்கொண்டோமா?

அம்பாங் பாதை 1996 டிசம்பர் 16ஆம் தேதி ஓடத் தொடங்கியது. நாட்டின் முதல் எல்.ஆர்.டி. அதுதான். அப்போது அதற்கு ஸ்டார் என்று பெயர். பழைய அம்பாங் ரயில் கிளைப்பாதையின் தடத்தையே பெரும்பாலும் பிடித்துக்கொண்டு போனது. 1998இல் வேறொரு நிறுவனம் புத்ரா என்ற பெயரில் இன்னொரு பாதையைத் திறந்தது. இரண்டும் தனித்தனி வியாபாரம். மஸ்ஜிட் ஜாமெக்கில் ஒன்றை விட்டு வெளியே வந்து, மறுபடி சீட்டு வாங்கி மற்றதில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 2002இல் அரசாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. ஆனாலும் வெளியே வராமல் மாறிக்கொள்ளும் வசதி 2011இல்தான் வந்தது. மோனோரயில் 2003இல் வந்தது, அதற்கும் இதே கதைதான். சென்ட்ரல் என்று பெயர் போட்ட மோனோரயில் நிலையத்துக்கும் உண்மையான சென்ட்ரலுக்கும் நடுவே நூ சென்ட்ரல் பேரங்காடி வரும்வரை, அதாவது 2014 வரை, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே நடக்க வேண்டியிருந்தது. தனித்தனியாகக் கட்டியதைப் பிறகு தைத்திருக்கிறார்கள். தையல் போட்ட இடம் இன்னமும் தெரிகிறது. புதிதாக வருகிறவர் கால் தடுக்குவது அந்தத் தையலில்தான்.

அப்பா காலத்தை நினைத்துக்கொண்டேன். தோட்டத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அப்பா புடுராயாவுக்குப் போய்விடுவார். கைத்தொலைபேசி கிடையாது. ஒரு வாரத்துக்கு முன் வந்த கடிதத்தில் “வெள்ளிக்கிழமை மத்தியானம் வரேன்” என்று இருக்கும். மத்தியானம் என்றால் பன்னிரண்டா மூன்றா என்று யார் கேட்டது? சீட்டு விற்கும் முகப்புக்குப் பக்கத்தில் ஒரு தூண். அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் படித்துவிட்டு நிற்பார். வருகிறவருக்கும் அந்தத் தூண் தெரியும். வரும்போது ஒரு கையில் பலாப்பழம், ஒரு கையில் கோழி. அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். யாரும் தொலைந்ததில்லை. இன்று நம் கையில் வரைபடம் இருக்கிறது, நேரலை இருப்பிடம் இருக்கிறது. புலனத்தில் ஒரு புள்ளியை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரியம்மாவிடம் இருப்பது பொத்தான் போட்ட தொலைபேசி. அதில் புள்ளியும் வராது, கோடும் வராது.

நான் ஜாலான் அம்பாங்கில் காரை விட்டேன். மதிய நேரத்தில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று அம்பாங்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் திறந்த உயர்மட்ட நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். பதற்றத்தில் திருப்பத்தை விட்டுவிட்டேன். தூதரகங்களைத் தாண்டி ஊர்ந்து போய்ச் சேர நாற்பது நிமிடம். பெரியம்மா நிலைய வாசலில், நிழலில், ஒரு மலாய்ப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கல்லூரி மாணவி மாதிரி இருந்தது. “மக்சிக்கை யாராவது வந்து கூட்டிப் போகும்வரை நிற்கிறேன்” என்று நின்றிருக்கிறது அந்தப் பிள்ளை. நன்றி சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டது.

காரில் ஏறியதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, “மணி என்னய்யா?”

சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஊர்க் கோயில் திருநீறு இருந்தது. மாமாவின் நெற்றியில் பூசிவிட்டு அனுப்பலாம் என்று காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார். நாங்கள் வார்டுக்குப் போனபோது கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. “இப்பதான் அத்தை, கால்மணி நேரம் இருக்கும்” என்றாள் மாமா மகள்.

அடுத்த நான்கு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாமா நல்லபடியாக வெளியே வந்தார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். நான்காம் நாள் பெரியம்மாவிடம், “அம்பாங்கு தெரியாமயா இவ்ளோ வருசம் இருந்த?” என்று கிண்டல் பண்ணும் அளவுக்குத் தேறிவிட்டார். பெரியம்மா என்னைப் பார்க்காமல் சிரித்தார். அறுவை வேறு மாதிரி முடிந்திருந்தால் அந்தக் கால்மணி நேரத்தை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?

இந்த வாரம் இதை எழுதக் காரணம், பள்ளி விடுமுறை வருகிறது. உங்கள் வீட்டுக்கும் யாராவது வருவார்கள். நான் பட்டதிலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

வழி சொல்லும்போது ஊர்ப் பெயரைச் சொல்லாதீர்கள், பாதையைச் சொல்லுங்கள். எங்கே மாறுவது, எந்தப் பெயர் போட்ட ரயிலில் ஏறுவது, இறங்கியதும் கண்ணில் என்ன படும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். “இறங்கி வெளியே வந்தா உயரக் கட்டடம் தெரிஞ்சா அது நம்ம இடம் இல்ல, திரும்ப உள்ள போங்க” என்று நான் சொல்லியிருந்தால் போதும். பெரியவர்களுக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது அவர்கள் வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். ரோமன் எழுத்தில் நிலையத்தின் பெயர், பலகையில் இருக்கிறபடியே. தமிழில் ‘அம்பாங்’ என்று எழுதிக் கொடுத்தால் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஜோகூர், மலாக்கா பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்கள் இப்போது புடுராயாவுக்கு வருவதில்லை. 2011 முதல் தெற்குப் பேருந்துகளுக்கு டி.பி.எஸ். முனையம்தான். பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் அதோடு ஒட்டியே இருக்கிறது. எல்.ஆர்.டி., கொமுட்டர், விமான நிலைய ரயில் மூன்றும் அங்கே நிற்கும். அம்பாங் வருகிறவர்கள் அங்கிருந்து நகருக்குள் போய்ச் சுற்ற வேண்டியதில்லை. எல்.ஆர்.டி.யில் ஏறி நான்காவது நிறுத்தம் சான் சோவ் லின். அங்கே மேடை மாறி அம்பாங் ரயிலைப் பிடித்தால் முடிந்தது. பல அம்பாங்வாசிகளுக்கே இது தோன்றுவதில்லை, விருந்தாளியை சென்ட்ரல் வரை இழுத்தடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே வழி உதவும். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து சென்ட்ரலுக்கு நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் கொண்டுவந்து விடும். பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. அதே தண்டவாளத்தில் ஓடும் டிரான்சிட் ரயில் வழியில் நின்று நின்று வரும். அதில் ஏறினால் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கிக்கொள்ளலாம். குடும்பமாக நான்கு பேர், பெரிய பெட்டிகள் என்றால் பேசாமல் கிராப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கணக்கும் அதுதான் சரியாக வரும். ஆனால் எந்த முனையம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் ஏசியா என்றால் முனையம் 2. மலேசியன் ஏர்லைன்ஸ் என்றால் முனையம் 1. இரண்டுக்கும் நடுவே ரயிலில் மூன்று நிமிடம்தான். ஆனால் நீங்கள் ஒன்றிலும் அவர்கள் இன்னொன்றிலும் நின்றால் அம்பாங் கதைதான். புறப்படுவதற்கு முன் மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள். முதியவர்களுக்கு இங்கிருந்தபடி நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம்.

வந்தவர்கள் பத்துமலை கேட்பார்கள், பிரிக்பீல்ட்ஸ் கேட்பார்கள், கிள்ளான் கேட்பார்கள். பத்துமலைக்கு 2010 முதல் சென்ட்ரலிலிருந்து நேரடி கொமுட்டர் இருக்கிறது. கோயில் வாசலில் இறக்கிவிடும். எல்.ஆர்.டி. மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வராது, நேரம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கிள்ளானுக்கும் கொமுட்டர்தான். கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். பெண்கள் மட்டும் போகும் பெட்டியும் உண்டு. இளஞ்சிவப்பு ஒட்டுத்தாளைப் பார்த்து ஏறலாம். பத்துமலையிலிருந்து திரும்பும்போது கவனம். ‘கோலாலம்பூர்’ என்று ஒரு நிலையம் வரும், 1910ஆம் ஆண்டின் அழகான பழைய கட்டடம். ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் பலர் இறங்கிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இறங்கலாம். சென்ட்ரல் போகிறவர்கள் இறங்கக் கூடாது.

கையில் ஒரு டச் அண்ட் கோ அட்டையைக் கொடுத்துவிடுங்கள், முப்பது வெள்ளி போட்டு. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் டோக்கன் வாங்கப் பெரியவர்கள் திணறுகிறார்கள், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். உள்ளூர்க்காரர் ஒரு மாதம் தங்கப் போகிறார் என்றால் 50 வெள்ளி மாத அட்டை இருக்கிறது. முப்பது நாளைக்கு ரேபிட் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். மலேசியர்களுக்கு மட்டும். அறுபதைத் தாண்டிய குடிமக்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பெரியம்மாவுக்கு அதுவும் தெரியாது. முழுக் காசு கொடுத்துத்தான் தவறான அம்பாங்குக்குப் போயிருக்கிறார்.

ஐந்தாம் நாள் பெரியம்மா ஊருக்குக் கிளம்பினார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். “வேணாம்யா. அந்த ரயில்லயே போலாம். ஒருதடவ சரியா போய்ப் பாத்துட்டா அடுத்த தடவ நானே வந்துடுவேன்” என்றார்.

அம்பாங்கிலிருந்து ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தார். சஹாயா, செம்பாக்கா, பாண்டான் இண்டா. சான் சோவ் லின்னில் “இங்கதான் ரெண்டா பிரியுதா?” என்று கேட்டுக்கொண்டார். நான் மஸ்ஜிட் ஜாமெக் வரை போகாமல் ஹங் துவாவில் இறக்கி மோனோரயிலுக்குக் கூட்டிப் போனேன். மோனோரயில் சின்னது, கூட்டம் அதிகம், பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் சென்ட்ரலுக்கு முந்தின நிலையத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை.

மகாராஜாலேலா தாண்டி வண்டி வளைந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கியது. பலகையைப் பெரியம்மா மெதுவாகப் படித்தார்.

“துன்... சம்பந்தன். நம்ம சம்பந்தனா?”

“அவரேதான் பெரியம்மா.”

சுங்கை சிப்புட்காரர்களுக்கு அவர் அமைச்சரோ ம.இ.கா. தலைவரோ மட்டுமல்ல, ஊர்ப்பிள்ளை. அங்கே பிறந்தவர், அந்தத் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர். பெரியம்மாவின் அப்பா அதில் பங்கு எடுத்திருந்தார். அந்தச் சீட்டை என் தாத்தா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தது எனக்கே லேசாக நினைவிருக்கிறது. கதவு மூடி வண்டி கிளம்பும்வரை பெரியம்மா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊருல போயிச் சொல்லணும்” என்றார்.

பிறகு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“அடுத்தது என்னய்யா?”

“கே.எல். சென்ட்ரல்.”

என் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த சென்ட்ரல்?”